ஆனர்ஸ்: கூடுதல் படிப்பா, கூடுதல் பெயரா?

வகுப்பில் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறும் மாணவருக்குக் கல்லூரி என்ன செய்ய வேண்டும்? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு இரண்டு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவருக்குக் கூடுதலான, கடினமான பாடத்தைக் கொடுங்கள் என்பது ஒன்று. ஆனர்ஸ் படிப்பு என்று வழங்குவது இதுதான். அவர் சாதித்துக் காட்டியதை அங்கீகரித்து, அவரைப் போன்றவர்கள் கூடும் அவையில் இடம் கொடுங்கள் என்பது இன்னொன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஆனர் சொசைட்டி’ என்று அழைக்கப்படும் கௌரவச் சங்கங்கள் இந்த இரண்டாவது விடையிலிருந்து பிறந்தவை.

இரண்டும் சந்திக்கும் இடங்களில் ஒன்று அடையாறு. மத்திய கைலாஷ் சந்திப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் சென்னை ஐ.ஐ.டி., கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. மேற்படிப்புக்கு அமெரிக்கா போனவர்களும் போகத் தயாராகிறவர்களும் இப்பகுதியில் ஏராளம். பொறியியல் படிக்கும் தங்கை ஐந்தாம் செமஸ்டரில் ஆனர்ஸுக்குப் பதிவு செய்யலாமா என்று கேட்கும் வீட்டிலேயே, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் அண்ணனுக்குக் கௌரவச் சங்கம் ஒன்றின் அழைப்பு மின்னஞ்சலில் வந்திருக்கும், கட்ட வேண்டிய சந்தாத் தொகையோடு. இரண்டில் எது மேல் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அவற்றின் வரலாற்றையும், அவற்றுக்காகச் சொல்லப்படும் வாதங்களையும், அந்த வாதங்களின் ஓட்டைகளையும் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மரபுகளின் தோற்றம்

கௌரவச் சங்கத்தின் வரலாறு 1776 டிசம்பர் 5ஆம் தேதி தொடங்குகிறது. அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் மாணவர்கள் சிலர் ‘ஃபை பீட்டா கப்பா’ என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். தொடக்கத்தில் அது ரகசியச் சங்கம். கூடி விவாதம் செய்வதுதான் அதன் வேலை. ரகசியம் விலகியது 1831இல். 1875இல் வெர்மான்ட் பல்கலைக்கழகக் கிளை முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கலை, அறிவியல் மாணவர்களில் ஏறத்தாழ முதல் பத்து சதவீதத்தினரை மட்டும் அழைக்கும் அமைப்பாக அது காலப்போக்கில் மாறியது. பொறியியலுக்கு ‘டௌ பீட்டா பை’ (1885), அறிவியல் ஆராய்ச்சிக்கு ‘சிக்மா ஸை’ (1886), எல்லாத் துறைகளுக்கும் ‘ஃபை கப்பா ஃபை’ (1897), மின்பொறியியலுக்கு ‘ஈட்டா கப்பா நூ’ (1904) என்று துறைவாரியாகச் சங்கங்கள் பெருகின. இவற்றுக்குத் தரம் வகுக்க 1925இல் ஒரு கூட்டமைப்பே தேவைப்பட்டது.

ஆனர்ஸின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு 1800இல் கொண்டுவந்த தேர்வு விதிகள், வெறுமனே தேறுபவரையும் சிறப்பாகத் தேறுபவரையும் பிரித்துக் காட்ட வழி செய்தன. கேம்பிரிட்ஜில் கணித டிரைபாஸ் தேர்வு அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துவந்தது. ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஃபிராங்க் அய்டலாட், அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவரானதும் 1922இல் அந்த மரபை அங்கே நட்டார். சிறு குழுக்களில் விவாத வகுப்பு, நிறையக் கட்டுரை எழுதுதல், முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் என்பது அவர் அமைத்த முறை. பாடம் நடத்தியவரே மதிப்பெண் போடுவதில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று மூன்றாவது ஆளின் தேர்வை எதிர்கொள்கிறார்கள். இன்றைய அமெரிக்க ஆனர்ஸ் கல்லூரிகள் பலவும் தம் பரம்பரையை இதில்தான் தேடுகின்றன.

மதராஸ் நடத்திய ஆனர்ஸ்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் முதன்மைக் கல்லூரிகளில் ஆனர்ஸ் வகுப்புகள் வேரூன்றின. இரண்டாண்டு இன்டர்மீடியட்டுக்குப் பிறகு, சாதாரண பி.ஏ. இரண்டு ஆண்டு என்றால் ஆனர்ஸ் மூன்று ஆண்டு. ஆனர்ஸில் தேறியவர் பின்னர் தனியாகத் தேர்வெழுதாமலே எம்.ஏ. பட்டம் பெற்றுக்கொள்ளும் வழியும் இருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் ஆனர்ஸாகப் படித்த சி.என். அண்ணாதுரை, ‘எம்.ஏ.’ என்ற அடைமொழியோடு மேடைகளில் அறியப்பட்டவர். இங்கே படிப்பும் பெயரும் ஒன்றாகவே கிடைத்தன என்பது கவனிக்கத்தக்கது.

இந்த முறைக்குச் சாட்சியாக அடிக்கடி நிறுத்தப்படுபவர், மயிலாப்பூர் வீட்டிலிருந்து மாநிலக் கல்லூரிக்குப் போய்ப் படித்த எஸ். சந்திரசேகர். 1930இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர். 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சம்மர்ஃபெல்டைச் சந்தித்தபோது, பாடப்புத்தகத்தில் படித்த அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்று அவர் வாயாலேயே கேட்டார். உலோகங்களின் எலெக்ட்ரான் கொள்கை பற்றித் தாம் எழுதி, அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையின் மெய்ப்புப் பிரதியையும் சம்மர்ஃபெல்டு அந்த மாணவரிடம் கொடுத்தார். அதைத் தொடர்ந்து தானாகப் படித்து எழுதிய ஆய்வுக் கட்டுரை, அவர் இன்னும் மாணவராக இருந்தபோதே, 1929இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியானது.

இதை ஆனர்ஸின் வெற்றி என்று சொல்லலாம். ஆனால் பாடத்திட்டம் அவருக்கு எதைத் தந்தது, பாடத்திட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால், பின்னதன் கனம்தான் அதிகம். ஆனர்ஸ் அவருக்கு அளித்த முக்கியமான வசதி நேரம் என்று கருத இடமுண்டு: ஒரே துறையில் மூன்று ஆண்டு, நூலகம், தடுக்காத ஆசிரியர்கள்.

எதிர்ச்சாட்சியும் இதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ராமானுஜன் கும்பகோணத்திலும், பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வைத் தாண்ட முடியாமல் போனவர். எந்த ஆனர்ஸ் வகுப்பும் அவரைச் சேர்த்திருக்காது. அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஒரு மேதையை வைத்துப் பொதுவிதி எழுத முடியாதுதான். என்றாலும், நுழைவு விதி என்பது மாற்ற முடியாத ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

கைவிட்டதும் வேறு வழியில் திரும்பியதும்

1917இல் அமைக்கப்பட்ட சாட்லர் குழு, சாதாரணப் பட்டத்தையும் ஆனர்ஸையும் தனித்தனியாக நடத்த வேண்டும் என்றது. டெல்லியும் கல்கத்தாவும் அந்தப் பாதையைத் தொடர்ந்தன. சென்னை வேறு பக்கம் திரும்பியது. புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்த 1950களின் பிற்பகுதியில் பழைய ஆனர்ஸ் மறைந்தது. மூன்றாண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை என்ற படிக்கட்டு அதன் இடத்தைப் பிடித்தது.

இதனால் ஏற்பட்ட இழப்பை அளப்பது கடினம். ஆனால் ஒரு தொடர்ச்சியைக் காட்டலாம். லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியாரும் கணிதப் பேராசிரியருமான சார்லஸ் ரசீனிடம் படித்து 1953இல் கணித ஆனர்ஸ் முடித்தவர் சி.எஸ். சேஷாத்ரி. எம்.எஸ். நரசிம்மனும் அதே கல்லூரியில் ரசீனிடம் படித்தவர். இருவரும் பின்னர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து உலகப் புகழ் பெற்ற கணிதவியலாளர்கள் ஆனார்கள். 1989இல் தியாகராய நகரில், ‘ஸ்பிக்’ அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் சேஷாத்ரி தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம். 1998இல் அங்கே இளங்கலைப் படிப்பு தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் பி.எஸ்சி. ஆனர்ஸ். பட்டம் வழங்கியது மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த பிறகே கழகம் தானாகப் பட்டம் கொடுக்க முடிந்தது.

இங்கே இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. பழைய ஆனர்ஸில் வளர்ந்தவர் ஒருவர், தம் பங்குக்கு அதை மறுபடி கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அடுத்தது, சென்னையில் நடந்த படிப்புக்கு வெளிமாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்த அந்த ஆண்டுகளிலும் மாணவர்கள் சேர்ந்து படித்தார்கள். பாடத்தின் தரம் தெரிந்த வட்டத்துக்குள், சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சமாக இருந்திருக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியேயும் அப்படித்தானா என்பதற்கு இந்த உதாரணம் விடை சொல்லாது.

இன்றைய ஆனர்ஸ்: கிரெடிட் கணக்கு

இன்று சென்னையில் ‘ஆனர்ஸ்’ என்ற ஒரே பெயர் குறைந்தது இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறது.

பொறியியலில் அது கூடுதல் கிரெடிட். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 விதிமுறைப்படி, பி.இ. ஆனர்ஸ் வேண்டுமானால் வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் முடிக்க வேண்டும், சி.ஜி.பி.ஏ. 7.5க்குக் குறையக்கூடாது, எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும். மூன்று கிரெடிட் தாள் ஒன்றுக்கு 45 வகுப்பு என்று வைத்தால், இது ஆறு தாள், 270 வகுப்பு. இந்தச் சுமை சேர்வது புராஜெக்ட், வளாக நேர்காணல், கேட் தேர்வு எல்லாம் நெருக்கும் பிற்பகுதி செமஸ்டர்களில்.

கலை, அறிவியலில் ஆனர்ஸ் என்றால் கூடுதல் ஆண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தில், மூன்றாண்டுக்கு 120 கிரெடிட்டில் சாதாரணப் பட்டம், நான்காண்டுக்கு 160 கிரெடிட்டில் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுதி ‘ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ்’ பெறலாம். முதுகலை இல்லாமலே முனைவர் பட்டப் படிப்புக்குப் போகவும் வழி உண்டு. கேரளம் 2024இல் நான்காண்டுப் படிப்புக்கு மாறியது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழக அரசு தன் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்தையே தொடர்கிறது. அதனால் மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பவருக்கு ஆனர்ஸ் என்ற தெரிவு பெரும்பாலும் எதிரிலேயே இல்லை.

மூன்றாண்டுப் பட்டத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஏற்பதில்லை. பதினாறு ஆண்டுக் கல்வி கேட்பவை உண்டு. நான்காண்டு ஆனர்ஸுக்கு ஆதரவாகப் பெற்றோர் சொல்லும் முதல் காரணம் இதுவாகவே இருக்கிறது. ஆனால் முதுகலை முடித்துவிட்டுப் போகிறவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே இது ஆனர்ஸின் தரம் பற்றிய வாதம் ஆகாது; ஆண்டுக் கணக்கு பற்றியது.

கௌரவச் சங்கம் தருவது என்ன

நம் ஊரில் இதற்கு நேர் இணை கிடையாது. தங்கப் பதக்கம், பல்கலைக்கழக ரேங்க், ‘சிறந்த மாணவர்’ கேடயம் ஆகியவை அங்கீகாரத்தின் பங்கைச் செய்கின்றன. துறை மன்றங்களும் தொழில்முறை அமைப்புகளின் மாணவர் கிளைகளும் கூடுகைக்கு இடம் தருகின்றன. அமெரிக்கச் சங்கம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. அதன் ஆதரவாளர்கள் சொல்வது: உதவித்தொகை, முன்னாள் உறுப்பினர்களின் தொடர்பு, ரெஸ்யூமேயில் ஒரு வரி.

இங்கே பழைய சங்கத்தையும் புதியதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கல்லூரிக்குள் ஆசிரியர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் கிளைக்கும், மதிப்பெண் எல்லையைத் தொட்ட எவருக்கும் மின்னஞ்சல் அனுப்பிச் சந்தா வசூலிக்கும் அமைப்புக்கும் இடையே வெகுதூரம். புகழ்பெற்ற சங்கங்களும் கட்டணம் வாங்குகின்றன என்பதால், கட்டணத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. பயனுள்ள அளவுகோல்கள் வேறு: தேர்ந்தெடுப்பது யார்? அந்தப் பல்கலைக்கழகத்திலேயே செயல்படும் கிளை இருக்கிறதா? துறைப் பேராசிரியர் ஒருவராவது அதில் பங்கெடுக்கிறாரா? உதவித்தொகை உண்மையில் யாருக்குக் கிடைத்தது? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத அழைப்பை அண்ணன் தாராளமாக அழித்துவிடலாம்.

மூன்று வாதங்களும் அவற்றின் எல்லையும்

முதல் வாதம்: கூடுதல் படிப்பு மனிதரின் திறனையே கூட்டுகிறது. கேரி பெக்கர் 1964இல் விரித்துரைத்த மனித மூலதனக் கொள்கை இதற்கு அடிப்படை. ஆனர்ஸ் முடித்தவர்கள் பிற்காலத்தில் நன்றாக இருக்கிறார்கள் என்பதை இவ்வாதத்தினர் சான்றாகக் காட்டுவார்கள். பலவீனம் வெளிப்படை: நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துவிட்டு, அவர்கள் நன்றாக வந்தார்கள் என்றால் பெருமை யாருக்கு? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, புகழ்பெற்ற கல்லூரியில் சேர்ந்தவர்களையும், அதே தகுதியிருந்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டது. சம்பளத்தில் பெரிய வேறுபாடு பொதுவாகத் தெரியவில்லை. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அது கல்லூரிகளைப் பற்றிய ஆய்வு. ஆனர்ஸுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. ஆனாலும் அதே ஐயத்தை இங்கும் எழுப்ப அது போதும்.

இரண்டாம் வாதம்: படிப்பின் உள்ளடக்கத்தைவிட அது அனுப்பும் சமிக்ஞைதான் முக்கியம். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கருத்து இது. வேலை கொடுப்பவருக்கு ஆளைப் பற்றி முழுவதும் தெரியாது. கடினமான ஒன்றை ஒருவர் முடித்திருக்கிறார் என்பதே அவருக்குத் தகவல். இதன்படி பார்த்தால் கௌரவச் சங்கம் மலிவான சமிக்ஞை, ஆனர்ஸ் விலை அதிகமான சமிக்ஞை. ஆகவே ஆனர்ஸையே நம்பலாம். இந்த வாதத்தின் பலவீனம், சமிக்ஞையைப் படிப்பவர் ஒருவர் வேண்டும் என்பதில் இருக்கிறது. சென்னை வளாக நேர்காணல்களில் முதல் சல்லடை பெரும்பாலும் மதிப்பெண் எல்லையும் நிலுவை அரியர் இல்லை என்பதும்தான். ஆறு தாள் அதிகம் எழுதி அதனால் சி.ஜி.பி.ஏ. சறுக்கினால், சமிக்ஞை எதிர்ப்பக்கம் வேலை செய்யவும் கூடும். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கோ நிலைமை வேறு: அங்கே ஆய்வேட்டையும், அதை வழிநடத்திய ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் படிக்க ஆள் இருக்கிறார்கள்.

மூன்றாம் வாதம்: இரண்டுமே ஏற்கெனவே உள்ளவருக்கு மேலும் கொடுக்கின்றன. ராபர்ட் மெர்ட்டன் 1968இல் அறிவியல் உலகைப் பற்றிச் சுட்டிக்காட்டிய போக்கு இது. தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்குத் தனி எடை உண்டு. பள்ளியிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் சமூகநீதிக்கு நீண்ட காலமாகப் போராடிய மாநிலம், கல்லூரிக்குள்ளேயே இன்னொரு வாசலை வைத்தால் அதில் யார் நுழைவார்கள் என்று கேட்பது இயல்பு. எல்லா மாணவர்களுக்கும் திறன் பயிற்சி என்று 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இதற்கு நேர்மாறான திசையில் போகிறது. இந்த வாதத்துக்கும் மறுப்பு உண்டு. வேகமாகப் படிக்கும் அரசுக் கல்லூரி மாணவருக்கு அங்கேயே கடினமான பாடம் கிடைக்காவிட்டால், அது கிடைப்பது கட்டணம் அதிகமுள்ள தனியார் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான். ஆனர்ஸ் இல்லாதிருப்பதும் ஏழையைத்தான் முதலில் பாதிக்கும்.

ஒரு தாளில் அடைபடும் கதவு

சமத்துவம் பற்றிய விவாதம் பெரும்பாலும் பொதுவாகவே நடக்கிறது. நுணுகிப் பார்க்க வேண்டியது ‘முதல் முயற்சியிலேயே பாஸ்’ என்ற விதியை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் விரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு பெண் அதன்மூலம் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். கணக்கு தெரியும், வினாத்தாளின் மொழி பிடிபடவில்லை. ஒரு தாள் அரியர் விழுகிறது. அடுத்த செமஸ்டரில் அதை எழுதி நல்ல கிரேடு வாங்குகிறாள், நான்காம் செமஸ்டருக்குள் வகுப்பின் முன்வரிசைக்கும் வந்துவிடுகிறாள். சி.ஜி.பி.ஏ. எட்டைத் தாண்டினாலும் ஆனர்ஸ் கதவு அவளுக்குத் திறக்காது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று அந்த விதி பார்ப்பதில்லை.

விதியை வகுத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அரியர் உள்ளவர் மேலும் ஆறு தாளைச் சுமக்க முடியாமல் திணறக்கூடும். ஆனர்ஸ் என்ற பெயர் மலிவாகிவிடக் கூடாது. இந்த இரண்டாவது காரணத்தில்தான் ஆனர்ஸ் படிப்பு கௌரவச் சங்கத்தின் குணத்தை எடுத்துக்கொள்கிறது. இனி என்ன படிக்கப் போகிறார் என்பதைவிட, இதுவரை தவறாமல் வந்தாரா என்பதே அளவுகோலாகிவிடுகிறது. கூடுதல் பாடத்தைப் படிக்க அனுமதிப்பதையும் பட்டத்தில் பெயர் பொறிப்பதையும் தனித்தனியாக வைத்தால் இந்தச் சிக்கல் தளரும்: பாடம் விரும்பும் எல்லாருக்கும், பெயர் தகுதி காட்டியவருக்கு.

மதிப்பீடு

இதுவரை பார்த்ததிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஆனர்ஸ் படிப்பும் கௌரவச் சங்கமும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. முன்னது வரும் இரண்டு ஆண்டு வேலையைப் பற்றியது, பின்னது கடந்த இரண்டு ஆண்டு வேலையைப் பற்றியது. நேரம், நூலகம், உடனிருந்து வழிகாட்டும் ஆசிரியர் ஆகியவை சேர்ந்த இடத்தில் ஆனர்ஸ் பலன் தந்ததற்கு மதராஸ் வரலாற்றில் தடயங்கள் உண்டு. அவை இல்லாமல் தாள்களின் எண்ணிக்கை மட்டும் கூடினால் அதே பலனை எதிர்பார்க்கக் காரணம் குறைவு. ஆராய்ச்சியை நோக்குபவருக்கு ஆய்வேட்டோடு கூடிய ஆனர்ஸ் பொருந்தும். நேராக வேலைக்குப் போகிறவர் அந்த 270 வகுப்பு நேரத்தை வேறெங்கே செலவிடலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பவர் தம் பேராசிரியர்கள் மதிக்கும் சங்கத்தில் சேர்வதால் நஷ்டம் சிறிது, லாபமும் பெரும்பாலும் சிறிது.

தீராமல் நிற்பவை கனமானவை. ஆனர்ஸ் மாணவரின் முன்னேற்றத்தில் படிப்பின் பங்கு எவ்வளவு, தேர்வு செய்ததன் பங்கு எவ்வளவு என்பது இங்கே பிரித்தறியப்படவில்லை. கேரளத்தின் நான்காண்டு மாணவர்களும் தமிழகத்தின் மூன்றாண்டு மாணவர்களும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் படிக்கும் இந்த ஆண்டுகள் அந்த ஒப்பீட்டுக்கு அரிய வாய்ப்பு. ஆனால் மொழி, கட்டணம், சேர்க்கை முறை எல்லாம் வேறுபடுவதால் ஒப்பீடு சுலபமாக இராது. வகுப்பில் முன்னணியில் இருப்பவர்களைத் தனியே பிரித்தால் மிச்சமிருப்பவர்களின் வகுப்பு என்னாகும் என்பதும் அப்படியே நிற்கிறது. கென்யாவின் தொடக்கப் பள்ளிகளில் நடந்த பரிசோதனையில் பிரித்ததால் இரு தரப்பும் பயனடைந்ததாக 2011இல் வெளிவந்த முடிவு, கல்லூரிக்கும் பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

பல்கலைக்கழகங்கள் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆனர்ஸுக்குப் பதிவு செய்தவர் எத்தனை பேர், நடுவில் விட்டவர் எத்தனை பேர், அவர்களில் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர் எத்தனை பேர், பழைய அரியர் ஒன்றால் தகுதி இழந்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் துறைவாரியாக வெளியிடலாம். அந்த எண்கள் கைக்கு வரும்வரை, ஆனர்ஸ் திறமையை வளர்க்கிறதா, வளர்ந்த திறமைக்கு முத்திரை மட்டும் குத்துகிறதா என்ற வாதத்தில் எந்தத் தரப்பும் முழு உறுதியோடு பேச முடியாது.